ஊக்கம் தந்த கரங்கள் – வகுப்பறை வரலாற்றில் ஒரு நோக்கு

புதுக்கோட்டைச் சீமையில் பிறந்த நமக்குக் கல்லில் எழுத்தைக் காண்பது புதிதன்று. சித்தன்னவாசல் குன்றிலுள்ள சமணர் படுக்கையில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. குடுமியான்மலைப் பாறையிலோ புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு பொறிக்கப்பட்டுள்ளது. உருத்திராசாரியார் என்னும் ஆசானின் மாணாக்கனாகிய ஓர் அரசன், கற்கும் மாணாக்கரின் நன்மையைக் கருதி அதனைச் செய்வித்ததாக அக்கல்வெட்டே கூறுகின்றது. ஆசானை நினைவில் வைத்த அரசனையும், மாணாக்கரை மனத்தில் கொண்ட கல்வெட்டையும் பெற்றது நம் மண் என்பது பெருமைக்குரியதே. ஆயினும் இதே மண்ணில் மண் சுமந்தும் வயல் உழுதும் வாழ்ந்த மக்களின் பிள்ளைகள் ஓர் எழுத்தைத் தம் கையால் எழுதுவதற்கு எத்தனை நூற்றாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது என்பதை எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. அதனை நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நமது கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், சங்கத்தின் இளைஞர்களும் உறுப்பினர்களும் சிந்திக்கத்தக்க ஒரு பொருளை இம்மலரில் எழுத விழைந்தோம். பிள்ளைகளைக் கற்கச் செய்வது பிரம்பா, பாராட்டா என்பது பழைய வினா. அவ்வினாவுக்கு வரலாறு தரும் விடை யாது என்பதையும், தாழ்த்தப்பட்ட சமுதாயத்துப் பிள்ளைகளுக்கு அவ்விடை ஏன் பிறரைக் காட்டிலும் இன்றியமையாதது என்பதையும் சுருக்கமாகக் காண்போம்.

திண்ணைப் பள்ளியும் பிரம்பும்

நம் நாட்டுப் பழைய கல்விமுறை திண்ணைப் பள்ளிக்கூடம் ஆகும். மணலில் விரலால் எழுதிப் பழகுதல், நெட்டுருப் போடுதல், சட்டாம்பிள்ளையின் மேற்பார்வை, வாத்தியாரின் பிரம்பு ஆகியன அதன் அங்கங்கள். 1822 இல் சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் உள்ள பள்ளிகளையும் அவற்றில் பயிலும் மாணாக்கரின் சாதிவாரித் தொகையையும் கணக்கெடுத்து அனுப்புமாறு கலெக்டர்களுக்கு ஆணையிட்டார். அவ்வாணைக்கிணங்க 1823 இல் பெல்லாரி கலெக்டர் கேம்பல் எழுதிய அறிக்கையில் சுவையான செய்தி ஒன்று காணப்படுகின்றது.

காலையில் முதலில் பள்ளிக்கு வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரை எழுதுவார்களாம். அது பெருமையின் அடையாளம். இரண்டாவதாக வந்தவன் கையில் சுழி எழுதுவார்களாம். அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாவதாக வந்தவனுக்கு மெல்லிய அடி ஒன்று, நான்காமவனுக்கு இரண்டு, பின்னர் வருவோர்க்கு ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும்.

இச்செய்தியை ஆழ்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பாராட்டின் வலிமையை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். ஆனால் அப்பாராட்டு நாளொன்றுக்கு ஒரே ஒரு பிள்ளைக்கு உரியதாக இருந்தது. எஞ்சிய அனைவருக்கும் அச்சமே ஆசானாக நின்றது. "அடியாத மாடு படியாது", "முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்னும் பழமொழிகள் இச்சூழலில் தழைத்தவையே. கயிற்றைப் பற்றித் தொங்கவிடும் கோதண்டம் முதலிய தண்டனைகள் பிற்காலத்தார் எழுதிய தன்வரலாறுகளிலும் இடம்பெற்றுள்ளன.

இதில் நாம் மறக்கலாகாதது மற்றொன்று உண்டு. அந்த அடியை வாங்கவும் நம் பிள்ளைகளுக்கு அத்திண்ணையில் இடமில்லை. பிறர் பிள்ளைகள் பிரம்புக்கு அஞ்சிப் பள்ளியை விட்டு ஓடிய காலத்தில், நம் பிள்ளைகள் பள்ளியின் ஓசை கேட்கும் தொலைவில்கூட நிற்க இயலாதிருந்தனர். ஆகவே ஊக்கம் என்பதன் வரலாறு பிறருக்குப் பிரம்பை விடுத்ததில் தொடங்குகிறது. நமக்கோ கதவைத் திறந்ததில் தொடங்குகிறது.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்து வரை

வகுப்பறையில் அடியைக் குறைத்து ஊக்கத்தைப் பெருக்கும் முயற்சி ஒன்று நம் சென்னையிலேயே தோன்றி உலகெங்கும் பரவியது என்பதைப் பலர் அறியார். ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789 இல் எழும்பூரில் இருந்த இராணுவ அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்றார். அங்கே ஆசிரியர்கள் தம் கடமையில் நாட்டம் காட்டவில்லை. ஒரு நாள், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பெல் கண்டார். அம்முறையைத் தம் விடுதியிலும் புகுத்தினார். ஆசிரியர் செய்ய மறுத்ததை மூத்த மாணவன் ஒருவனிடம் ஒப்படைத்தார். அச்சிறுவன் இளையோருக்கு எழுத்தறிவித்து வெற்றி கண்டான். கற்ற பிள்ளை கல்லாத பிள்ளைக்குக் கற்பிக்கும் இம்முறையைப் பற்றிப் பெல் 1797 இல் இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். "சென்னை முறை" என்றே அது மேனாடுகளில் பெயர் பெற்றது.

அடித்தலை இயன்றவரை தவிர்த்து, முன்னேறியவனுக்கு மேலிடமும் பொறுப்பும் தருதல் அம்முறையின் உயிர்நாடி. "உன்னால் பிறருக்குச் சொல்லித்தர முடியும்" என்று ஒரு சிறுவனிடம் கூறுவதைவிட உயர்ந்த பாராட்டு ஒன்று உண்டோ? நம் சங்கத்தின் மாலைநேரப் படிப்பகத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லித் தரும்பொழுது நிகழ்வதும் இதுவே. இளையவன் கணக்கைக் கற்கிறான். மூத்தவன் தன் மதிப்பைக் கற்கிறான்.

கதவைத் திறந்தோர்

மராட்டியத்தில் மகாத்மா ஜோதிராவ் பூலேயும் அன்னை சாவித்திரிபாயும் 1848 இல் புனே நகரில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். பின்னர் மகார், மாங் சமுதாயப் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் ஏற்படுத்தினர். அவர்கள் தந்த ஊக்கத்தின் பயன் சில ஆண்டுகளிலேயே வெளிப்பட்டது. அவர்களிடம் பயின்ற முக்தா சால்வே என்னும் மாங் சமுதாயச் சிறுமி, தம் மக்கள் படும் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1855 இல் "ஞானோதய" என்னும் இதழில் வெளிவந்தது. ஏறத்தாழப் பதினான்கு வயதே நிரம்பிய சிறுமி அவர். எழுதக் கற்றுக்கொடுத்ததோடு நில்லாமல், "நீ எழுதியது உலகம் படிக்கத்தக்கது" என்று நம்பி அச்சேற்றிய பெரியோரின் செயலே இங்குப் போற்றத்தக்கது.

தமிழகத்தில் கர்னல் ஆல்காட் 1894 இல் அடையாற்றை அடுத்து ஆதி திராவிடப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர்ச் சென்னையின் பிற பகுதிகளிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. பாட்டும் விளையாட்டும் கைவேலையும் கலந்த கிண்டர்கார்டன் முறை, செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கே உரியதென எண்ணப்பட்ட காலத்தில், அப்பள்ளிகளில் கையாளப்பட்டது. ஏழைப் பிள்ளைக்கு ஏதோ ஒரு பள்ளி போதும் என்னும் எண்ணத்தை அது மறுத்தது.

1916 இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகமும் பள்ளியும் நிறுவினார். கோயில் வாயிலில் நிறுத்தப்பட்ட நந்தனாரின் பெயரைக் கல்விக்கூடத்தின் வாயிலில் எழுதிவைத்த அச்செயலில் ஒரு பெரும் பாடம் இருக்கிறது. உண்ணவும் உறங்கவும் விடுதியும் அங்கே அமைந்தது. பசித்த பிள்ளையிடம் ஊக்கம் பேசுவது வீண் என்பதை அப்பெரியார் நன்கு உணர்ந்திருந்தார்.

பெருந்தலைவர் எம்.சி. ராஜா (1883–1943) அடிப்படையில் ஓர் ஆசிரியர். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஆதி திராவிடர் சார்பில் முதன்முதலாக இடம்பெற்றவரும் அவரே. இழிவு தோன்ற வழங்கிவந்த சாதிப் பெயர்களை நீக்கி, "ஆதி திராவிடர்" என்னும் பெயரையே அரசு ஆவணங்களில் வழங்க வேண்டுமென்று 1922 இல் அவர் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தார். அரசும் அவ்வாண்டே ஆணை பிறப்பித்தது. இதனை அரசியல் நிகழ்ச்சியாக மட்டும் கருதுதல் கூடாது. வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயரை எவ்வாறு எழுதுகிறோம், எவ்வாறு அழைக்கிறோம் என்பதிலிருந்தே ஊக்கமும் இழிவும் பிறக்கின்றன. அதை ஆசிரியரான அவர் அறிந்திருந்தார். அவரே ஆர். ரங்கநாயகி அம்மாளுடன் இணைந்து 1930 இல் குழந்தைகளுக்கான கிண்டர்கார்டன் பாட்டு நூல் ஒன்றையும் வெளியிட்டார். சட்டமன்றத்தில் உரிமைக்காக வாதிட்ட குரலே மழலையர் வகுப்புக்குப் பாட்டையும் தேடித் தந்தது என்பது நம் இளைஞர் அறிந்து மகிழ வேண்டிய செய்தியாகும்.

அண்ணலுக்குக் கிடைத்த பரிசு

பள்ளியில் ஒரு பிள்ளையின் உள்ளம் எவ்வாறு வாடும், எவ்வாறு தளிர்க்கும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் இளமை வாழ்வைவிடச் சிறந்த சான்று வேறில்லை.

சாத்தாராவில் பயின்ற காலத்தை அண்ணல் தம் தன்வரலாற்றுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். வகுப்பில் அவர் தனியே அமர வேண்டும். அமர்வதற்கான சாக்குத் துண்டை வீட்டிலிருந்தே கொண்டுவந்து, மாலையில் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடலாகாது. பள்ளிச் சேவகன் குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். சேவகன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. இந்நிலையில் ஒரு பிள்ளை பாடத்தில் தவறினால் அது யார் தவறு? வகுப்பறைச் சுவர்களே "நீ வேண்டாதவன்" என்று கூறும்பொழுது எந்தப் பாடம் மனத்தில் பதியும்?

இனி மறுபுறத்தைக் காண்போம். "புத்தரும் அவர் தம்மமும்" என்னும் நூலுக்காக எழுதிய முன்னுரையில் அண்ணல் ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்கிறார். அவர் ஆங்கில நான்காம் வகுப்பில் தேறினார். பிற சமுதாயத்தாருக்கு அது பெரிய செய்தியன்று. ஆனால் அவருடைய சமுதாயத்தில் அந்நிலையை எட்டிய முதல் பிள்ளை அவர். ஆகவே ஊரார் ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்த விரும்பினர். தந்தை ராம்ஜி அதற்கு இணங்கவில்லை; ஒரு தேர்வில் தேறியதற்கே கூட்டம் கூட்டினால் பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று அஞ்சினார். ஊரார் அவருடைய நண்பரான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளூஸ்கரிடம் முறையிட்டனர். எழுத்தாளரும் ஆசிரியருமாகிய கேளூஸ்கர் தந்தையிடம் வாதிட்டு இணங்கச் செய்தார். தாமே கூட்டத்திற்குத் தலைமை தாங்கினார். கூட்ட முடிவில், தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அச்சிறுவனுக்குப் பரிசாக வழங்கினார்.

இந்நிகழ்ச்சியில் நமக்கு இரண்டு படிப்பினைகள் உண்டு. தந்தையின் அச்சம் நம் வீடுகளில் இன்றும் உள்ளதே. பாராட்டினால் பிள்ளை கெட்டுவிடும் என்று எண்ணி, மதிப்பெண் பட்டியலை மௌனமாகக் கையொப்பமிட்டுத் திருப்பித் தரும் தந்தையர் பலர். அன்பில்லாதவர் அல்லர் அவர்கள். அன்பை வெளியிட அஞ்சுபவர்கள். கேளூஸ்கர் அந்த அச்சத்தை இகழவில்லை. எடுத்துக்கூறி மாற்றினார்.

இரண்டாவது, அவர் அளித்த பரிசின் தன்மை. அது வெற்றுப் புகழுரையன்று; படித்துச் சிந்திப்பதற்குரிய ஒரு நூல். படித்தவன் மேலும் படிக்கத்தக்கவன் என்னும் நம்பிக்கையே அப்பரிசின் பொருள். அந்த நம்பிக்கையைக் கேளூஸ்கர் ஒரு நாளோடு விட்டுவிடவும் இல்லை. பின்னர்க் கல்லூரிப் படிப்பைத் தொடர இயலாத நிலை ஏற்பட்டபோது, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் அம்பேத்கரை அழைத்துச் சென்று, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்க வழிசெய்தவரும் அவரே. 1912 இல் அண்ணல் பி.ஏ. பட்டம் பெற்றார், 1913 இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். கூட்டத்தில் மாலையிட்டுக் கைதட்டிக் கலைந்து செல்வது ஊக்கத்தின் தொடக்கமே. அடுத்த ஆண்டுக் கட்டணத்திற்கு வழி காண்பதில்தான் அது நிறைவு பெறுகின்றது.

அண்ணலும் தாம் பெற்றதைப் பன்மடங்காகத் திருப்பித் தந்தார். அவர் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், 1944 இல் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு நடுவண் அரசின் உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் தோன்றியது. 1945 இல் மக்கள் கல்விச் சங்கத்தை நிறுவி, 1946 இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். இன்று நம் பிள்ளைகள் பெறும் உதவித்தொகைக்கும், நம்மைப் போன்ற சிறு சங்கங்களின் முயற்சிக்கும் மூலவேர் அங்கேதான் உள்ளது.

நம் மாவட்டத்தின் நற்சான்று

புதுக்கோட்டை 1948 வரை தொண்டைமான் மன்னர்களின் தனியரசாக இருந்தது. 1974 சனவரி 14 ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. 1886 இல் இந்நகரில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், அன்று இழிவாகக் கருதப்பட்ட தேவதாசி மரபில் வந்த தாயின் மகள். ஆண்களே பயின்ற மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவரைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார். 1912 இல் அம்மையார் மருத்துவப் பட்டம் பெற்றார். சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராகவும் உயர்ந்தார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவரும், அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை அமையக் காரணமானவரும் அவரே. மன்னர் அன்று தயங்கியிருப்பின் நாடு எத்தகைய மாணிக்கத்தை இழந்திருக்கும்!

இதனினும் நமக்கு நெருக்கமானது அறிவொளி இயக்கம். 1991 இல் நம் மாவட்டத்தில் அது பேரியக்கமாக எழுந்தது. அன்றைய மாவட்ட ஆட்சித் தலைவர் திருமதி ஷீலா ராணி சுங்கத், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர், ஆசிரியர்கள், ஊதியம் பெறாத ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஆகியோர் ஒன்றிணைந்தனர். மாலை நேரத்தில் சேரித் தெருக்களிலும், மரத்தடிகளிலும், கல்குவாரிகளின் அருகிலும் வகுப்புகள் நடைபெற்றன. நாற்பது வயதில் எழுதுகோலைப் பிடித்த தாய்மார்களிடம் பிரம்பு செல்லுமா? அதட்டினால் மறுநாள் அவர்கள் வரமாட்டார்கள். எனவே அவ்வியக்கம் முழுவதும் ஊக்கத்தை நம்பியே நடந்தது. வீதி நாடகமும் பாட்டும் மக்களை அழைத்தன. தன் பெயரை முதன்முதலில் எழுதிய தாயைச் சுற்றி நின்று அனைவரும் கைதட்டினர்.

அவ்வியக்கம் சைக்கிளையும் பாடமாக்கியது நாடறிந்த செய்தி. எழுத்தறிவு பெற்ற பெண்களும் கற்பிக்கும் பெண்களும் சைக்கிள் பழகுமாறு தூண்டப்பட்டனர். சைக்கிள் வாங்க வங்கிக் கடனும் கிடைத்தது. சைக்கிள் கற்பதற்கெனவே பாட்டுகளும் இயற்றப்பட்டன. முதலில் கேலி பேசியோர் உண்டு. 1992 ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரை வலம்வந்தபோது கேலி அடங்கியது. இம்மாவட்டத்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். கல்லுடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைத் தாமே குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் அக்காலத்தில்தான்.

அந்தத் தாய்மார்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். வயது முதிர்ந்தோரிடம் வெற்றி பெற்ற ஊக்கமுறை, வளரும் பிள்ளைகளிடம் தோற்றுவிடுமா?

ஆய்வாளர் கூறுவன

கல்வி உளவியலார் ஊக்கத்தை ஆய்ந்து கண்ட முடிவுகளில் மூன்றை மட்டும் இங்குக் கூறுவோம்.

அமெரிக்க அறிஞர் எலிசபெத் ஹர்லாக் 1925 இல் நான்காம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்து நாள்கள் கூட்டல் கணக்குகள் கொடுத்துச் சோதித்தார். ஒரு குழுவைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். மற்றொரு குழுவைக் கடிந்துகொண்டார். மூன்றாவது குழுவை அதே அறையில் வைத்துக்கொண்டு கண்டுகொள்ளாமல் விட்டார். பாராட்டப்பட்டோர் தொடர்ந்து முன்னேறினர். கடியப்பட்டோர் முதலில் சற்று முன்னேறிப் பின்னர்ச் சரிந்தனர். கண்டுகொள்ளப்படாதோரின் முன்னேற்றம் மிகக் குறைவு. கடைசி இருக்கையில் அமைதியாக அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பல நாள்கள் நாம் திட்டுவதில்லை; பாராட்டுவதும் இல்லை. திட்டு வாங்கும் பிள்ளையைவிடவும் அப்பிள்ளையே பெரிதும் இழக்கிறது.

இரண்டாவது ஆய்வு நம் நாட்டிலேயே நடந்தது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் பொருளியல் அறிஞர் இருவர் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களைச் சேர்ந்த 6, 7 ஆம் வகுப்புச் சிறுவர் அறுநூற்றுவருக்கும் மேற்பட்டோரிடம் புதிர்வழிப் படங்களைத் தந்து வழி கண்டுபிடிக்கச் செய்தனர். சாதியைக் குறிப்பிடாதபோது, தாழ்த்தப்பட்ட சிறுவரும் உயர்சாதிச் சிறுவரும் ஏறத்தாழச் சமமாகவே தீர்த்தனர். ஒவ்வொருவருடைய சாதியையும் எல்லார் முன்பும் அறிவித்த பின்போ, தாழ்த்தப்பட்ட சிறுவரின் திறன் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோயிற்று. இம்முடிவு 2006 இல் வெளியாயிற்று. அறிவு அதே அறிவு, புதிர் அதே புதிர். இடையில் நேர்ந்தது ஓர் அறிவிப்பு மட்டுமே. "உதவித்தொகைக்காரங்க எழுந்து நில்லுங்க" என்று வகுப்பின் நடுவே எழும் ஒரு குரல் என்ன செய்யும் என்பதை இவ்வாய்வு தெளிவாக்குகின்றது. இனிய சொல் கூறுவதற்கு முன்னர் இழிவை நீக்குவதே நம் பிள்ளைகளுக்கான முதல் ஊக்கம் என்பதற்கு இதனினும் வலிய சான்று தேவையில்லை.

மூன்றாவது, எவ்வாறு பாராட்டுவது என்பது பற்றியது. கிளாடியா முல்லர், கரோல் டுவெக் ஆகிய அறிஞர்கள் 1998 இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் சிலரை "நீ அறிவாளி" என்றும், சிலரை "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினர். பின்னர்க் கடினமான புதிர்களைத் தந்தபோது, அறிவாளி எனப்பட்டோர் விரைவில் மனந்தளர்ந்தனர். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டோர் விடாது முயன்றனர். திருவள்ளுவர் ஊக்கமுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்ததோடு, ஆள்வினையுடைமை என்று முயற்சிக்கும் ஓர் அதிகாரம் வகுத்துள்ளமை இங்கு எண்ணத்தக்கது.

நாம் செய்யத்தக்கவை

இனி, இவற்றால் நம் இளைஞர்கள் தம் படிப்பகங்களிலும் வீடுகளிலும் மேற்கொள்ளத்தக்க சிலவற்றை அனுபவத்தின் வழிநின்று கூறுவோம்.

ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்தல் வேண்டும். பட்டப்பெயரும், தெருவின் பெயரும், தந்தையின் தொழிலும் ஒரு பிள்ளையின் அடையாளம் ஆகா.

பாராட்டு மெய்யாக இருத்தல் வேண்டும். எழுதியதெல்லாம் தவறாக இருக்க, "மிக நன்று" என்று கூறினால் பிள்ளை நம்மை நம்பாது. பொய்ப் பாராட்டு இரக்கத்தின் மறுவடிவம். நம் பிள்ளைகள் இரக்கத்தை வேண்டி நிற்பவர்கள் அல்லர். பத்துக் கணக்கில் மூன்று சரியாக இருப்பின், அம்மூன்றையும் சுட்டிக்காட்டி, நான்காவதில் எந்தப் படியில் வழி தவறிற்று என்பதையும் காட்டுதலே முறை. நாம் பணியாற்றிய ஊர் ஒன்றில், ஏடு முழுவதும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தமையால் அதைத் தாயிடம் காட்ட மறுத்த சிறுமி ஒருத்தி இருந்தாள். சரியானவற்றுக்கு மட்டும் குறியிட்டுத் தரத் தொடங்கிய பின், அவளே ஏட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். பிழைகளும் மெல்லக் குறைந்தன.

பிறரோடு ஒப்பிடாமல், பிள்ளையின் நேற்றைய நிலையோடு இன்றைய நிலையை ஒப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007–08 இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஏணிப்படி போன்ற அட்டவணையில் பிள்ளையே தன் முன்னேற்றத்தைக் குறித்துக்கொள்ளும் முறை இருந்தது. அதைப் படிப்பகச் சுவரிலும் எளிதில் அமைக்கலாம்.

பரிசு தருவதிலும் அளவு வேண்டும். 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், தண்டனையைப் போன்றே பரிசும் பிள்ளையின் இயல்பான ஆர்வத்தைக் கெடுக்கும் என்று கருதினார். அக்கருத்தை முழுதும் ஏற்கவேண்டுவதில்லை எனினும், ஆண்டுதோறும் முதல் மூவருக்கே பரிசளித்து முடித்துக்கொள்ளும் பழக்கத்தை நாம் மறு ஆய்வு செய்யலாம். முதலில் வந்தவனுக்கு மட்டும் சரசுவதியின் பெயரை எழுதிய திண்ணைப் பள்ளியின் எச்சமன்றோ அது? ஒரு நாளும் தவறாது வந்த பிள்ளை, தம்பியைப் பார்த்துக்கொண்டே படித்துத் தேறிய பிள்ளை, இடைநின்று மீண்டும் சேர்ந்த பிள்ளை ஆகியோரும் மேடைக்கு உரியவர்களே.

இறுதியாக, ஊக்கம் வயிற்றிலும் தொடங்குகிறது. 1920 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956 இல் காமராசர் காலத்திலும், 1982 இல் எம்.ஜி.ஆர். காலத்திலும் விரிவடைந்தது. 2022 இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கு 2001–02 முதல் வழங்கப்பட்டுப் பின்னர் அனைவருக்கும் விரிந்த சைக்கிள் திட்டமும் அத்தகையதே. உதவித்தொகை விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்காக அலையும் பெற்றோருக்குத் துணை நிற்பதும் ஊக்கமளித்தலே. கேளூஸ்கர் செய்ததும் அதுதான்.

சட்டம் நம் பக்கம் நிற்கின்றது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் உள்ளத்தால் வருத்துவதையும் தடை செய்கின்றது. ஆயினும் சட்டம் பிரம்பைப் பறிக்கலாம். தட்டிக்கொடுக்கும் கரத்தை அது படைக்க இயலாது. அதனை நாமே நல்க வேண்டும். பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறிய பிள்ளை, வேலை தேடித் திருப்பூருக்கோ செங்கல் சூளைக்கோ செல்லும் பேருந்தில் ஏறுவதற்கு முன், "துணைத் தேர்வு இருக்கிறது, வா, நான் சொல்லித் தருகிறேன்" என்று கூற ஓர் அண்ணனோ அக்காளோ அவ்வூரில் இருத்தல் வேண்டும். அந்த ஒரு சொல்லால் ஒரு தலைமுறையின் திசை மாறும்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நமது கல்விச் சங்கம் ஆற்றிவரும் பணியின் சாரம் இதுவே. பொன்விழாக் காணும் நாளில் இம்மலரைப் புரட்டப்போகும் பிள்ளைகள் இப்பொழுது நம் படிப்பகங்களில் அகர முதல எழுத்துகளைப் பழகிக்கொண்டிருக்கின்றனர். அவர்களுடைய ஏட்டில் நாம் இன்று இடும் குறி ஒவ்வொன்றும் அன்று பயன் தரும். சங்கம் வளர்க! கற்றோர் பெருகுக!